நாவலாசிரியரின் கோடை: கேட்டித் தமிழ் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேட்டி, சுகர்லேண்ட், ஹூஸ்டன் வட்டாரத்து வாசகர் வட்டங்கள், தமிழ்ப் பள்ளிகள், தமிழ்ச் சங்கங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,



தொடர்ந்து எழுதிவரும் ஒரு நாவலாசிரியரின் கோடையில் நான்கு வேலைகள் இருக்கின்றன: எழுதுவது, வாசிப்பது, கற்பிப்பது, மக்கள் முன் தோன்றிப் பேசுவது. நான்கும் ஒரே ஆளின் ஒரே நாளிலிருந்துதான் நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஊரில் இருக்கும்போது அந்தப் பங்கீட்டை எழுத்தாளரே செய்துகொள்கிறார். அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டு வந்துவிட்டால் அந்த வேலை அழைத்தவர்கள் கைக்குப் போய்விடுகிறது. எந்த நகரத்தில் எத்தனை நாள், யார் வீட்டில் தங்கல், காலையில் யார் காரில் புறப்பாடு, எந்த மேடையில் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் முடிவாகிறது. அந்த முடிவுகளை எடுப்பவர்களுக்கு எழுதப்படுகிறது இந்த மடல்.

அழைப்புகள் ஏன் கோடையில் குவிகின்றன என்பதற்குக் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. கேட்டியில் பள்ளிகள் மே மாதக் கடைசியில் மூடி, ஆகஸ்ட் நடுவில் திறக்கின்றன. 1987இல் தொடங்கப்பட்ட வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை தன் ஆண்டு விழாவை ஜூலை 4 விடுமுறையை ஒட்டி நடத்துகிறது. டெக்சாஸில் அந்த விழா 2018இல் டாலஸ் அருகே ஃபிரிஸ்கோவிலும், 2024இல் சான் அந்தோனியோவிலும் நடந்தது. விழாவுக்கு வரும் எழுத்தாளரை நியூஜெர்சியிலும் கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியிலும் டாலஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கும் நண்பர்கள் தங்கள் ஊருக்கும் ஒருமுறை வந்துபோகும்படி கேட்பது இயல்பு. விமானக் கட்டணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, இன்னும் மூன்று ஊர் சேர்ப்பதில் என்ன என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. தமிழ்நாட்டில் கோடை ஏப்ரலும் மேயும். அங்கே எழுத்தாளர்களில் பலர் ஆசிரியர்கள். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆசிரியர் தொழிலில் இருக்கும் நாவலாசிரியருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை முடிந்து கல்வியாண்டு தொடங்குவதற்குள் கிடைக்கும் அந்த வாரங்கள் நீண்ட எழுத்துக்கான வாரங்கள். அங்கே எழுதுவதற்கான கோடை முடியும்போது இங்கே மேடைக்கான கோடை தொடங்குகிறது. பாதியில் நிற்கும் கைப்பிரதியோடு விமானம் ஏறும் எழுத்தாளர்தான் ஹூஸ்டனில் வந்து இறங்குகிறார்.

முதல் வேலையான எழுத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அழைப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விடுவது அதைத்தான்.

அமெரிக்க மண்ணில் உட்கார்ந்து தமிழர் ஒருவர் எழுதிய நாவல்களில் மிகப் புகழ்பெற்றது ஆர்.கே.நாராயணின் ‘தி கைட்’. அது ஆங்கில நாவல். ஆனால் எழுதியவர் சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர். 1956இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நல்கையில் அவர் அமெரிக்கா வந்தார். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், டெலிகிராஃப் அவென்யூவில் இருந்த கார்ல்டன் ஓட்டலில் ஓர் அறை எடுத்தார். மின் அடுப்பு ஒன்று வாங்கி அறையிலேயே சோறு வடித்துச் சாப்பிட்டார். தினமும் இத்தனை சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டு எழுதினார். மழை வேண்டிப் பட்டினி கிடக்க நேர்ந்த ராஜுவின் கதை, ஓர் இந்திய ஆற்றங்கரைக் கிராமத்தின் வறட்சி, இப்படிச் சில மாதங்களில் கலிஃபோர்னியாவில் உருவானது. நூல் 1958இல் வெளிவந்தது. 1960இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதே பயணத்தில் அவர் சந்தித்த மனிதர்களும் பார்த்த ஊர்களும் ‘மை டேட்லெஸ் டைரி’ என்ற தனி நூலாயின. ஊர் சுற்றியதும் சந்திப்புகளும் அந்தப் பயணத்தில் இருந்தன. நாவல் எழுதிய மாதங்களில் மட்டும் அவர் ஒரே ஊரில், ஒரே அறையில் இருந்தார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு அசோகமித்திரன். ஐயோவா பல்கலைக்கழகத்தில் பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967இல் சர்வதேச எழுத்துத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாட்டு எழுத்தாளர்களை ஒரே ஊரில் பல மாதம் தங்கவைப்பது அதன் வழி. 1973இல் அசோகமித்திரன் அதில் கலந்துகொண்டார். மேஃப்ளவர் என்ற பெரிய விடுதிக் கட்டடத்தில் எத்தியோப்பியாவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த எழுத்தாளர்களோடு வாழ்ந்தார். கடுங்குளிரும் காலணி வாங்குவதும் அடுத்த அறைக்காரரோடு வந்த மனஸ்தாபமுமாகக் கழிந்த அந்த மாதங்களிலிருந்து பிறந்தது ‘ஒற்றன்!’ என்ற நாவல். அது நூலாக வந்தது 1980களின் நடுவில், ஊர் திரும்பிப் பத்தாண்டுக்குப் பிறகு. தங்கியிருந்த நாட்களுக்குக் கணக்குக் காட்டும்படி கேட்கிறவர்கள் யாரும் இல்லாததால் அந்த நாவலுக்குத் தன் காலம் கிடைத்தது. தமிழில் அமெரிக்காவைப் பற்றி எழுதப்பட்ட புனைவுகளில் இன்றும் முதல் வரிசையில் நிற்பது அதுதான்.

இருவருக்கும் அழைத்தவர்கள் கொடுத்தது இடமும் நேரமும். பேச்சு கேட்டார்கள், சில கூட்டங்களில் உட்காரச் சொன்னார்கள். ஆனால் நாளின் பெரும்பகுதி எழுத்தாளர் வசமே இருந்தது.

நாவலுக்கு இது ஏன் இவ்வளவு அவசியம் என்று கேட்கலாம். சிறுகதையை ஒரு மூச்சில் எழுதி முடிக்க முடியும். கட்டுரையை விமான நிலையத்தில் உட்கார்ந்துகூட எழுதலாம். சுஜாதாவின் ‘60 அமெரிக்க நாட்கள்’ போன்ற பயண நூல்கள் பயணத்திலிருந்தே எழுகின்றன. நாவலில் பல கதாபாத்திரங்களின் வயது, உறவு, பேச்சுநடை, அவர்களுக்குத் தெரிந்தது, தெரியாதது எல்லாம் எழுதுபவரின் தலைக்குள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். மூன்று வாரம் விட்டுவிட்டால் அவை கலைந்துபோகும். திரும்ப உட்காரும்போது எழுதிய அத்தியாயங்களை முதலிலிருந்து வாசித்துத்தான் மேலே போக முடியும். விட்டது மூன்று வாரம் என்றால் மீட்க அதற்கு மேலும் ஆகலாம். சில கைப்பிரதிகள் மீட்கப்படுவதே இல்லை.

ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாள் தொடங்கி 2020 ஜூலை வரை எழுதிய ‘வெண்முரசு’ இதற்கு நேர் எதிரான சான்று போலத் தோன்றும். மகாபாரதத்தின் மறு ஆக்கமான 26 நாவல்கள், ‘முதற்கனல்’ தொடங்கி ‘முதலாவிண்’ வரை, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியாயின. அந்த ஆண்டுகளில் அவர் பயணங்களையும் உரைகளையும் திரைப்பட வேலையையும் விடவில்லை. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தங்கு எழுத்தாளராக இருந்த 2016ஆம் ஆண்டும் அந்த வரிசையின் நடுவில்தான் வருகிறது. ஆனால் அதைப் பார்த்து, எழுத்தாளர் என்றால் எங்கே இருந்தும் எழுதிவிடுவார் என்று முடிவு கட்டுவது தவறு. வெண்முரசு நடந்ததற்குக் காரணம், எந்த ஊரில் இருந்தாலும் அன்றைய அத்தியாயம் அன்றைக்கு முதல் வேலை என்று அவரும் உடன் இருந்தவர்களும் ஏற்றுக்கொண்டிருந்தது. நாவலுக்கும் நாவலுக்கும் இடையே இடைவெளி இருந்தது, ஒரு நாவல் ஓடிக்கொண்டிருக்கும்போது இடைவெளி இல்லை. 2020இல் ஊரடங்கு வந்து மேடைகள் எல்லாம் மூடியபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மார்ச் மாதத்திலிருந்து அடுத்த சில மாதங்களில் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுகதைகள் எழுதினார். தமிழ் எழுத்தாளர் ஒருவருக்குக் கூட்டமே இல்லாத ஒரு கோடை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

வேறொரு வேகத்தில் எழுதுபவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட ‘பிரதர்லெஸ் நைட்’ நாவலை எழுதிய வி.வி.கணேசானந்தன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். அவருடைய முதல் நாவல் ‘லவ் மேரேஜ்’ 2008இல் வந்தது. இரண்டாவது வந்தது 2023இல். 2024 ஜூன் மாதம் பிரிட்டனின் பெண்கள் புனைவிலக்கியப் பரிசு அதற்குக் கிடைத்தது. நடுவே இருந்த 15 ஆண்டுகளும் கற்பித்தலும் ஆராய்ச்சியும் திருத்தி எழுதுதலுமாகக் கழிந்தவை. இன்னும் நாவல் வரவில்லையா என்று மேடையில் கேட்கும் பழக்கத்தை இந்தக் கணக்கு மாற்ற வேண்டும்.

வாசிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நாவலாசிரியரின் வாசிப்பு இரண்டு வகை. ஒன்று தன் நாவலுக்கான தகவல் தேடல். ‘மாதொருபாகன்’ எழுதுவதற்கு முன் பெருமாள்முருகன் கலைகளுக்கான இந்திய அறக்கட்டளையின் நல்கையோடு திருச்செங்கோட்டு வட்டாரத்தில் கள ஆய்வு செய்தார். இன்னொன்று எந்தப் பயனும் கருதாத வாசிப்பு. இரண்டாவதற்கு அமெரிக்கா தரக்கூடியதை வருகிறவர்கள் பலரும் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். கோதுமை விற்ற பணத்துக்கு ஈடாக இந்திய நூல்களைப் பெறும் பி.எல். 480 திட்டத்தின் மூலம் 1962 முதல் தமிழ் நூல்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு வரத் தொடங்கின. தமிழ்நாட்டில் பதிப்பு தீர்ந்து எவரிடமும் இல்லாத நாவல் சிகாகோவிலோ ஆஸ்டினிலோ அடுக்கில் இருக்க வாய்ப்பு உண்டு. கேட்டியிலிருந்து ஆஸ்டின் காரில் இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட தூரம். நாசா விண்வெளி மையத்துக்கு விருந்தினரை அழைத்துப்போகும் குடும்பம், அதே ஆர்வத்தோடு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஒரு நாள் அழைத்துப் போகலாம். அது அவருக்குப் பல மாதம் பயன்படும்.

கற்பித்தலுக்கு வரலாம். டெக்சாஸ் தமிழர்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தாத வளம் இதுதான்.

எழுத்தைக் கற்பிக்கும் பயிலரங்கு முறை அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய ஐயோவா எழுத்தாளர் பயிலரங்கின் மூலம் பரவியது. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒருவரின் படைப்பை எல்லோரும் முன்பே வாசித்து வந்திருப்பார்கள். மற்றவர்கள் விவாதிக்கும்போது எழுதியவர் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பார். வெர்மான்டின் பிரெட் லோஃப் மாநாடு 1926 முதல் கோடையின் கடைசியில் இத்தகைய கூடுகையை நடத்திவருகிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியத் துறை 1979இல் உருவானது. சிறுகதையின் வடிவத்தையே மாற்றிப் பார்த்த டொனால்ட் பார்தெல்மி, தான் வளர்ந்த ஹூஸ்டனுக்குத் திரும்பி அங்கே கற்பித்தார். கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் சித்ரா பானர்ஜி திவாகருணி அங்கே பல ஆண்டுகளாகப் பேராசிரியர். 1983இல் தொடங்கப்பட்ட ரைட்டர்ஸ் இன் த ஸ்கூல்ஸ் என்ற ஹூஸ்டன் அமைப்பு எழுத்தாளர்களை வகுப்பறைக்கு அனுப்புகிறது, கோடையில் பிள்ளைகளுக்கான எழுத்து முகாம்களை நடத்துகிறது. தங்கள் பிள்ளைகளை அந்த முகாம்களுக்குக் கூட்டிப்போகும் தமிழ்ப் பெற்றோர், தமிழிலும் அப்படி ஒன்று நடத்த முடியும் என்பதை யோசிக்க வேண்டும்.

தமிழில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஊட்டி ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில், 1999இல் மறைந்த நித்ய சைதன்ய யதியின் நினைவைத் தாங்கி, ஜெயமோகனும் நண்பர்களும் நடத்திவரும் இலக்கிய முகாம் தமிழின் நல்ல பயிலரங்குகளில் ஒன்று. கம்பன் பாடல்கள், சிறுகதைகள், கவிதைகள் எனப் பிரதிகள் முன்கூட்டியே அனுப்பப்படுகின்றன. வாசித்துத்தான் வர வேண்டும். முதல் அமர்விலிருந்து கடைசி அமர்வுவரை இருக்க வேண்டும். மது கூடாது. கண்டிப்பு என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டாலும், இரண்டு மூன்று நாளில் அங்கே நடக்கும் வாசிப்பு மற்ற இடத்தில் ஓராண்டில் நடப்பதில்லை. அதே முறையில் 2022 மே மாதம் வட கரோலினாவின் மலைநகரான பூனில் அமெரிக்கத் தமிழ் வாசகர்கள் ஒரு முகாம் நடத்தினார்கள். பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, கதைகளைப் பற்றிப் பேசினார்கள். எழுத்தாளர் ஊர் ஊராகப் போவதற்குப் பதிலாக வாசகர்கள் ஓரிடத்துக்கு வந்தார்கள். இந்த ஒரு மாற்றமே எழுத்தாளருக்குப் பல விமானப் பயணங்களை மிச்சப்படுத்துகிறது.

டெக்சாஸ் இன்னொன்றும் செய்யலாம்: மொழிபெயர்ப்புப் பயிலரங்கு. ‘மாதொருபாகன்’ நாவலை ‘ஒன் பார்ட் உமன்’ என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அநிருத்தன் வாசுதேவன் ஆஸ்டினில்தான் மானுடவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த நூல் 2018இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதுக்கான மொழிபெயர்ப்பு நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அவரே மொழிபெயர்த்த பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2023இல் சர்வதேசப் புக்கர் நெடும்பட்டியலில் வந்தது. ஐங்குறுநூற்றையும் திலீப்குமாரின் சிறுகதைகளையும் ஆங்கிலத்தில் தந்த மார்த்தா ஆன் செல்பி நெடுங்காலம் ஆஸ்டினில் பேராசிரியராக இருந்து, பிறகு ஹார்வர்டின் தமிழ் இருக்கைக்குப் போனார். ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பு பிரியம்வதா ராம்குமார் மொழிபெயர்ப்பில் 2022இல் இந்தியாவிலும், 2025இல் நியூயார்க்கின் ஃபரார், ஸ்ட்ராஸ் அண்ட் ஜிரூ பதிப்பகத்திலும் வந்தது. தமிழ் நாவலின் அடுத்த கதவு மொழிபெயர்ப்பு வழியாகத் திறக்கிறது. கேட்டியில் வளரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்ட தமிழும் பள்ளியில் எழுதிய ஆங்கிலமும் இருக்கின்றன. ஒரு நாவலின் நான்கு பக்கங்களை எழுத்தாளரின் முன் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் மூன்று பகல், அவர்களுக்கு மேடையில் திருக்குறள் ஒப்பிப்பதைவிடப் பெரிய அனுபவமாக இருக்கும். எழுத்தாளருக்கும் பயன் உண்டு. பதினேழு வயது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒரு வாக்கியத்தில் தடுக்கி நிற்கும்போது, அந்த வாக்கியத்தின் குறையும் நிறையும் எழுதியவருக்கே தெரியவரும்.

நான்காவது வேலை மேடை. அது வேண்டாதது என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ் நாவலாசிரியருக்கு நூல்கள் தரும் வருமானம் குறைவு. விற்ற பிரதிக்கு விலையில் பத்து சதவீத அளவில் ராயல்டி என்பதே பொதுவான ஏற்பாடு. மேடையில் கேட்டவர் புத்தகம் வாங்குகிறார், வாங்கியவர் வாசகராகிறார். முப்பது ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்துவிட்டு, ஓர் உரையைக் கேட்ட பிறகு மீண்டும் தமிழில் வாசிக்கத் தொடங்கியவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். மேடைக்கு அந்த வலிமை இருப்பதால்தான் அதைச் சரியாக நடத்த வேண்டும்.

தமிழ்ச் சங்க மேடையின் வழக்கமான வரிசை எல்லோருக்கும் தெரியும்: குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, அமெரிக்க தேசிய கீதம், வரவேற்புரை, நடனம், ஆதரவாளர்களுக்கு நன்றி, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு. எழுத்தாளர் ஒலிபெருக்கியைப் பிடிக்கும்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும், சாப்பாட்டு வரிசை தொடங்கியிருக்கும், இருபது நிமிடத்தில் முடிக்கும்படி துண்டுச் சீட்டு வரும். இருபது மணி நேரம் விமானத்தில் வந்தவருக்கு இது நியாயம் இல்லை. அவரை வாசித்தவர்களுக்கும் நியாயம் இல்லை. இலக்கிய நிகழ்ச்சியைக் கலை நிகழ்ச்சியிலிருந்து பிரித்துவிட்டால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீரும். ஹூஸ்டனில் 1983 முதல் இயங்கும் இன்பிரின்ட் அமைப்பின் வாசிப்புத் தொடரைப் போய்ப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியும். சுருக்கமான அறிமுகம், எழுத்தாளர் தன் நூலிலிருந்து வாசிப்பது, அந்த நூலை வாசித்த ஒருவரோடு உரையாடல், கையெழுத்து, அவ்வளவுதான். தமிழ் எழுத்தாளர்கள் தங்கள் நாவலிலிருந்து உரக்க வாசிப்பது நம் மேடைகளில் மிகக் குறைவு. அதைக் கேட்கவே வாசகர்கள் வர வேண்டும்.

மேடைக்கு ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2015 ஜனவரியில் ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்தவர்களின் அழுத்தத்தால் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பிறகே மீண்டும் எழுத வந்தார். கேட்டிக்கும் இதில் சொந்த அனுபவம் இருக்கிறது. 2021 அக்டோபரில், நியூபெரி பதக்கம் பெற்ற ‘நியூ கிட்’ படக்கதை நாவலின் ஆசிரியர் ஜெர்ரி கிராஃப்ட் மாணவர்களோடு இணையவழியில் பேசுவதாக இருந்தது. பெற்றோர் சிலரின் மனுவையடுத்துக் கேட்டி பள்ளி மாவட்டம் அந்தச் சந்திப்பைத் தள்ளிவைத்து, நூலையும் நூலகங்களிலிருந்து எடுத்தது. ஆய்வுக் குழு நூலில் குறையில்லை என்று சொன்னதும் நூல் திரும்ப வந்தது, சந்திப்புக்கு வேறு தேதி குறிக்கப்பட்டது. எழுத்தாளரை அழைக்கும் அமைப்பு, சர்ச்சை வந்தால் தான் எங்கே நிற்கும் என்பதை அழைப்பு அனுப்பும் முன்பே தனக்குள் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. வந்தவரை நடுவழியில் கைவிடுவது, அழைக்காமலே இருப்பதைவிட மோசம்.

பணத்தையும் விசாவையும் பற்றிப் பேசத் தயங்குவது நம்மிடம் வழக்கம், ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். வருகையாளர் விசாவில் வருபவருக்கு யார் வேண்டுமானாலும் சன்மானம் தந்துவிட முடியாது. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த இலாபநோக்கற்ற அமைப்புகள், ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆகியவற்றில் கல்வி சார்ந்த பணிக்காக மட்டும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: ஓரிடத்தில் 9 நாளுக்கு மேற்படக் கூடாது, ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேற்படக் கூடாது. தமிழ்ச் சங்கம் அந்தப் பட்டியலில் தானாக வந்துவிடாது. ஆகவே ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பயிலரங்கை அமைப்பது இலக்கியத்துக்கும் நல்லது, எழுத்தாளருக்கு முறையாகப் பணம் போய்ச் சேரவும் நல்லது. அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்விருக்கை அமைக்க நிதி திரட்டிய இந்த வட்டாரத் தமிழர்களுக்கு அங்கே பேசும் உரிமையும் உறவும் இருக்கின்றன. 2019 முதல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கேட்டியிலேயே ஒரு வளாகமும் உண்டு. விசா விவரங்களைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் உறுதிசெய்துகொள்வது கட்டாயம். புத்தகச் சுமையை எழுத்தாளர் தலையில் ஏற்றாமல், இரண்டு மாதம் முன்பே கப்பலிலோ கூரியரிலோ வரவழைத்துக்கொள்வதும் அழைப்பவர் கடமை.

இவ்வளவையும் வைத்துக் கேட்டியில் ஒரு வருகையை எப்படி அமைக்கலாம்? எழுத்தாளர் மூன்று வாரம் ஒரே ஊரில், ஒரே வீட்டில், கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையில் தங்கட்டும். மேசை, நல்ல விளக்கு, இணையம், அவர் விரும்பும் நேரத்தில் காபி போட்டுக்கொள்ளும் சுதந்திரம் இருந்தால் போதும். பகல் ஒரு மணிவரை வீட்டில் எவரும் அவரைக் கூப்பிட வேண்டாம். ஜூலை வெயிலில் பகலில் வெளியே நடக்க முடியாது. கார் இல்லாமல் இந்த ஊரில் ஒரு டீ குடிக்கக்கூடப் போக முடியாது. நாகர்கோவிலிலும் நாமக்கல்லிலும் நினைத்தபோது தெருவில் இறங்கி நடந்து பழகியவர்களுக்கு இது சிறையாகத் தோன்றும். அதனால் விடிந்ததும் ஜார்ஜ் புஷ் பூங்காவில் நடக்க யாராவது தினமும் உடன் போக வேண்டும். பிற்பகலில் சின்கோ ராஞ்ச் நூலகம் போன்ற இடத்தில் வாரம் இரண்டு நாள் பயிலரங்கு: ஒன்று பெரியவர்களுக்கு, இன்னொன்று பிள்ளைகளுக்கு. பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். எரிசக்தி நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்துக்கொண்டு இரவில் கதை எழுதுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பிரதிகளுக்குத்தான் அந்த அமர்வுகளில் முதலிடம். மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பொதுக்கூட்டம் போதும். அதற்கு வருகிறவர்கள் மூன்று மாதம் முன்பே அறிவிக்கப்பட்ட ஒரு நாவலை வாசித்துவிட்டு வர வேண்டும். மற்ற ஊர் நண்பர்கள் கேட்டிக்கு வரலாம். புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை நீடிப்பதால் மாற்றுத் தேதி ஒன்றும் கையில் இருக்கட்டும். 2024 ஜூலை 8இல் பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரம் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

வீட்டுக்கு வீடு விருந்து என்ற நம் அன்பு இந்த ஏற்பாட்டில் குறைந்துபோகும் என்று சிலர் வருந்தலாம். வார இறுதியில் ஒரு பொட்லக் போட்டால் எல்லோரும் சந்திக்கலாம். தினமும் வேறு வீட்டில் இரவு பதினொரு மணிவரை பேசவைத்து, மறுநாள் காலை எழுத முடியாதபடி செய்வதை எழுத்தாளர்கள் மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள். தாங்களாக அவர்கள் சொல்ல மாட்டார்கள். அதனால் அழைப்பவர்கள்தான் புரிந்து நடக்க வேண்டும்.

அடுத்த கோடைக்கான அழைப்பை அனுப்பும் பொறுப்பாளர்கள், எழுத்தாளரிடம் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இப்போது எந்த நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், அதற்கு நாளில் எத்தனை மணி நேரம் வேண்டும்? அந்த நேரத்தை ஒதுக்கிவைத்த பிறகு மண்டபத்தைப் பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கேட்டி, டெக்சாஸ்